நாற்பது விரல்

வாயில் ஏழெட்டுப் பொடி ஆணிகளை அடக்கிக்கொண்டு, சோபாவின் முன் மண்டிபோட்டு, கிழிந்த துணியை ஆள்காட்டி விரலால் மேலிருந்து கீழாக வருடிக்கொண்டே வருகிறார். கண் மூடியிருக்கிறது. பாதி வழியில் விரல் நிற்கிறது. "நின்னுக்கிட்டு கீறுற கட்சி," என்கிறார், ஆணிகளுக்கு நடுவிலிருந்து. "காலையில தூங்கி எழுந்ததும் மொத வேலை இதுதான், இல்லையா?" வீட்டுக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். அதுவரை அவர் அந்த வீட்டுப் பூனையைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் சோபா மாஸ்டர்தான். பழைய சோபாவைப் பிரித்து, ஸ்பிரிங்கைத் தட்டி நிமிர்த்தி, ஃபோம் மாற்றி, புதுத் துணி போர்த்திக் கொடுப்பது தொழில். அறுபதை எட்டிப் பிடிக்கிற வயது. ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் துணியில் கோடு போடும் சாக்பீஸ் ஒன்று இருக்கும். அதனால் நெஞ்சுக்கு நேரே வெள்ளைக் கறை. ஸ்டேப்லர் மாதிரி பின் அடிக்கிற மிஷின் வந்து எத்தனையோ வருடமாயிற்று. ஆனாலும் மூலைக்கு மூலை ஆணிதான் நிற்கும் என்று பிடிவாதம். ஆணி இருக்கிற இடம் வாய். அப்படியே பேசவும் பேசுவார். பழகாதவர்களுக்குப் பாதிதான் புரியும். மீதியை அவர் புருவம் சொல்லும்.

சோபாவில் மட்டும் உட்கார மாட்டார். எவ்வளவு வற்புறுத்தினாலும் தன் தகரப் பெட்டிமேல்தான் உட்காருவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "உக்காந்தா எங்க குறைன்னு முதுகுக்குத் தெரிஞ்சு போயிடும்மா. அப்புறம் பிரிச்சுப் போட்டுடுவேன், நீங்க கேக்காமலே," என்றார். அவர் வீட்டில் இருப்பது நாலு பிளாஸ்டிக் நாற்காலி. போன் செய்தால் முதலில் எடுப்பது அவர் மனைவி. ஊருக்கெல்லாம் மெத்தை, எங்களுக்கு முதுகு வலி என்று நம்மிடம் ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் அவரிடம் கொடுப்பார்.

அவரிடம் ஒரு தடி நோட்டு உண்டு. தைத்த ஒவ்வொரு வீட்டுச் சோபாவின் துணியிலும் ஒரு துண்டு வெட்டி அதில் ஒட்டியிருப்பார். பின்பக்கம் தெருவும் கதவு எண்ணும். மனிதர்களை அவருக்கு ஞாபகம் இருக்காது, துணி ஞாபகம் இருக்கும். நாங்கள் "பச்சைக் கோடு". மாடி வீட்டு வக்கீல் "மெரூன் வெல்வெட்". வக்கீலிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

துணி தேர்ந்தெடுக்கும் விஷயத்தில் அவரோடு மல்லுக்கட்டாத வாடிக்கையாளர் கிடையாது. அழகாக இருக்கிறது என்று நாம் ஆசையாகக் கைவைப்பதை எடுத்து ஓரமாக வைப்பார். "நூல் எழுந்து நிக்குது பாருங்க. இது உங்களுக்குத் துணி. பூனைக்கு விருந்து." நெருக்கமாக நெய்த, நகம் மாட்டாத துணிக்குத்தான் அவர் ஓட்டு. ஆறு வருடத்துக்கு முன்பு நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அப்போது எங்கள் வீட்டில் பூனையே இல்லை. பச்சைக் கோடு போட்ட, சொரசொரப்பான துணிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கினேன். மூன்று வருடம் கழித்து மேனேஜர் வந்து சேர்ந்தார்.

மேனேஜர் என்பது பூனை. என் வீட்டுக்காரர் வைத்த பெயர். எந்த வேலையை ஆரம்பித்தாலும் வந்து நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல், திருப்தியில்லாத முகத்தோடு போவதால். வெள்ளை உடம்பு, கறுப்பு வால். பச்சைக் கோட்டின் இடது கையைப் பஞ்சு பஞ்சாக்கியது இந்த மகராசன்தான்.

சோபா போனால் போகட்டும். எனக்குப் பயம் வேறு விஷயத்தில். போன வருடம் என் வீட்டுக்காரருக்கு இதய வால்வை மாற்றினார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை. போன மாதம் ஒருநாள் மேனேஜர் அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தார். காற்றில் கதவு படார் என்று சாத்தியது. பூனை துள்ளி ஓடியதில் அவர் மணிக்கட்டில் ஒரு கீறல். சாதாரண ஆளுக்கு ஊதிவிட்டுப் போகிற கீறல். இவருக்கு ஒரு மணி நேரம் ரத்தம் நிற்கவில்லை. நாலு துண்டு நனைந்து, ஐந்தாவதைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். காரில் அவர், "அது வேணும்னு செய்யல" என்று எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தார். நான் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

பூனை டாக்டரின் கிளினிக்குக்கு போன் செய்து, நகம் எடுக்கும் ஆபரேஷனுக்கு நாள் கேட்டேன். வெள்ளிக்கிழமை காலை விட்டால் சனிக்கிழமை சாயங்காலம் கூட்டிப் போகலாம் என்றார்கள். நகம்தானே, சனியன் விட்டது என்று இருந்தது. அந்த யோசனையை என் மண்டையில் ஏற்றியதே மாஸ்டர்தான். துணிக்கு அவர் இரண்டு வருட உத்தரவாதம் தருவார். பழைய உத்தரவாதச் சீட்டை நான் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தேன். அதன் அடியில் ஊதா மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தது: "பூனை உள்ள வீட்டுக்கு உத்தரவாதம் இல்லை. நகம் எடுத்த பூனை என்றால் உண்டு."

திங்கட்கிழமை துணி மாற்ற அவர் வந்து, கண்ணை மூடித் துணியை வருடி, பூனையின் பழக்கவழக்கத்தைப் புட்டுப் புட்டு வைத்து முடித்ததும், நான் நல்ல மாணவியைப் போல அந்தச் சீட்டை நீட்டினேன். உங்கள் கண்டிஷன்படியே வெள்ளிக்கிழமை நகம் எடுக்கிறோம் மாஸ்டர், இந்தத் தடவை உத்தரவாதத்தில் தகராறு கூடாது என்றேன்.

சீட்டை வாங்கிப் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார். வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்தார். பிறகு, முப்பத்தைந்து வருடமாக யார் வீட்டுச் சோபாவிலும் உட்காராத அந்த மனுஷன், என் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார். நெஞ்சுவலியோ என்று பயந்து தண்ணீர் எடுக்க ஓடினேன்.

தண்ணீரைக் குடிக்கவில்லை. "நகம் எடுக்கிறதுன்னா என்னன்னு சொன்னாங்கம்மா?" என்று கேட்டார். நகத்தை வேரோடு எடுப்பார்கள், மறுபடி முளைக்காது என்றேன். தலையை ஆட்டினார். "நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன். பத்து வருஷமா. கையைக் காட்டுங்க."

நீட்டினேன். சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். என் சுண்டுவிரலில் ஆரம்பித்து, ஒவ்வொரு விரலிலும், நகத்துக்குக் கீழே, கடைசிக் கணு மடங்குகிற இடத்தில் ஒரு கோடு போட்டார். துணியில் போடுகிற அதே நேர்க்கோடு. ஒரு கை முடிந்ததும் மறு கை. பத்துக் கோடு. என்ன விளையாட்டு இது என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"இது வரைக்கும் எடுப்பாங்க. எலும்போட," என்றார். "பூனைக்கு நகம் நம்மள மாதிரி மேல ஒட்டிக்கிட்டு இல்லம்மா. எலும்புலேர்ந்தே முளைக்குது. எலும்பை எடுத்தாத்தான் நகம் போகும்."

நான் நம்பவில்லை. சோபா தைக்கிறவர் டாக்டருக்குப் பாடம் எடுக்கிறாரே என்று மனசுக்குள் நினைத்தேன், மறைப்பானேன். அவர் எதிரிலேயே கிளினிக்குக்கு போன் போட்டேன். எடுத்த பெண்ணுக்கு நல்ல குரல், பொறுமையும் உண்டு. ஆமாங்க, முன்னங்கால் பத்து விரலிலும் கடைசிக் கணுவரை எடுப்போம், மயக்க மருந்து கொடுத்துத்தான், வலிக்கு மருந்தும் தருவோம், பயப்படாதீங்க என்றாள். பின்னங்காலைத் தொட மாட்டார்களாம், அதைச் சலுகை மாதிரி சொன்னாள். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கலையே," என்றாள். கிண்டலோ கோபமோ அந்தக் குரலில் இல்லை. நான் கேட்கவில்லை என்பது உண்மை.

போனை வைத்துவிட்டு என் கையைப் பார்த்தேன். பத்துக் கோடு. இந்தக் கையால்தானே கிளினிக் எண்ணை அழுத்தினேன், நாள் குறித்தேன், காலண்டரில் வட்டம் போட்டேன். சமையலறைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினேன். சாக்பீஸ் ஒரே கழுவில் போய்விடும். நான் மூன்று தடவை கழுவினேன். திரும்பி வந்தபோது மாஸ்டர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். சீட்டில் இருந்த ஸ்டாம்ப் அவருடையது அல்லவா.

பிறகுதான் மாஸ்டர் தன் வாடிக்கையாளரான ஒரு கணக்கு டீச்சரின் கதையைச் சொன்னார். டீச்சர் என்றால் டீச்சர். விதி என்று எழுதியிருந்தால் அதன்படி நடக்கிறவர். ஐந்து வருடத்துக்கு முன்பு சோபாவுக்குப் புதுத் துணி போட்டதும், சீட்டில் இருந்ததைப் படித்து, மறு வாரமே தன் சாம்பல் நிறப் பூனைக்கு நகம் எடுத்துவிட்டார். மூன்று மாதம் கழித்து மாஸ்டரைக் கூப்பிட்டார். சோபாவில் நாற்றம் தாங்கவில்லை. மாஸ்டர் பிரித்துப் பார்த்தால் ஃபோம் முழுக்கப் பூனை மூத்திரம். மாற்றிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் மறுபடியும். பழிவாங்குகிறது, கொழுப்பு என்று இருவரும் சேர்ந்து பூனையைத் திட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவது தடவை போனபோது மாஸ்டர் தற்செயலாக அதைக் கவனித்தார். பூனை மணல் தட்டுக்குப் போனது. ஒரு காலை மணலில் வைத்தது. சுட்டதுபோல எடுத்து உதறியது. மறு காலை வைத்தது, அதையும் உதறியது. கொஞ்ச நேரம் தட்டின் விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றது. அப்புறம் மெதுவாக நடந்து சோபாவுக்குப் போனது. அந்த வீட்டில் மெத்தென்று இருந்தது அது ஒன்றுதான்.

டீச்சர் வேறொரு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் எடுத்த எக்ஸ்ரே படத்தை டீச்சர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது, மாஸ்டர் கேட்டாராம்: இந்த நுனி எலும்பெல்லாம் எங்கே, படத்தில் விழவில்லையா? டீச்சர் தன் விரலின் கடைசிக் கணுவைத் தொட்டுக் காட்டினாராம்.

அன்று மதியமே மாஸ்டர் துணி வெட்டுகிற கத்தரியால் அந்த ரப்பர் ஸ்டாம்பை நாலாக வெட்டிப் போட்டுவிட்டார். துணி நோட்டைப் புரட்டி, ஸ்டாம்ப் குத்திக் கொடுத்த வீடுகளில் பூனை இருந்த வீடுகளையெல்லாம் தேடிப் போனார். சிலர் சீட்டையே படித்திருக்கவில்லை. அதற்காக வாழ்க்கையில் முதல்முறையாகக் கடவுளுக்கு நன்றி சொன்னதாகச் சொன்னார். ஆனால் டீச்சரைச் சேர்த்து நாலு பேர் படித்திருந்தார்கள்.

"நாலு பூனைம்மா," என்றார். "நாப்பது விரல்."

எங்கள் வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். "பச்சைக் கோட்டுல பூனை இல்லன்னு விட்டுட்டேன். பூனை அப்புறமும் வரும்னு தோணல பாருங்க." அந்தச் சீட்டைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வாங்கி, மடித்து உள்பையில் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து சோபா வேலை இரண்டாம் பட்சம் ஆகிவிட்டது. மறுநாள் ஒரு கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் இடுப்பு உயரம். அடியில் கனமான பலகை, உதைத்தாலும் ஆடாது. உடம்பு முழுக்கச் சணல் கயிறு இறுக்கிச் சுற்றியிருந்தது. பூனை முழு உடம்பையும் நீட்டிக் கீறுகிற உயரம் வேண்டும், ஆடினால் ஒருதரம் தொட்டுவிட்டு மறுபடி வராது என்றார். பார்க்க மகா அசிங்கமாக இருந்தது. பால்கனியில் வைத்துவிடலாம் என்றேன். "நீங்க காலையில எழுந்து சோம்பல் முறிக்கப் பால்கனிக்குப் போவீங்களா?" என்று கேட்டார். சோபாவின் கிழிந்த கைக்கு முன்னாலேயே, நட்ட நடுக் கூடத்தில், அந்தக் கட்டை குடியேறியது. பழைய பச்சைக் கோட்டுத் துணியில் ஒரு பட்டையைக் கிழித்துக் கட்டையில் கட்டினார். பூனை வாசனை அதில் இருக்குமாம். சோபாவின் கையில் இருபக்கமும் ஒட்டுகிற டேப்பை ஒட்டினார். பாதம் பிசுபிசுத்தால் பூனைக்குப் பிடிக்காது.

நகம் வெட்டுவதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தது டீச்சரின் புது டாக்டர். மேனேஜர் மதியத் தூக்கத்தில் இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பாதத்தைக் கையில் ஏந்தி, விரலை மெல்ல அமுக்கினார். உறைக்குள்ளிருந்து நகம் எட்டிப் பார்த்தது. "உள்ள இளஞ்சிவப்பாத் தெரியுதுல்ல, அது உயிரு. அந்தப் பக்கமே போகாதீங்க. இந்த வெள்ளைக் கொக்கி மட்டும்." டிக். ஒன்று. உடனே ஒரு துண்டு மீன். பத்தையும் ஒரே நாளில் வெட்ட வேண்டும் என்று யாரும் நம்மை மிரட்டவில்லை என்றார். இரண்டு நாளில் முன்னங்கால் இரண்டும் முடிந்தன. இரண்டு வாரத்துக்கு ஒருதரம் வெட்டினால் போதுமாம். நகத்துக்கு மேல் பசை வைத்து ஒட்டுகிற குட்டி ரப்பர் தொப்பிகளும் கொண்டுவந்திருந்தார். மேனேஜருக்கு நெயில் பாலிஷா என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். மேனேஜர் சாயங்காலத்துக்குள் இரண்டைக் கடித்துத் துப்பிவிட்டு, மூன்றாவதைக் கொண்டுவந்து அவர் செருப்பில் வைத்தார்.

இவ்வளவும் நடந்தது. ஆனால் காலண்டரில் இருந்த வட்டத்தை நான் அழிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். மேனேஜர் அந்தக் கட்டையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சுற்றி வந்து முகர்ந்துவிட்டு, இது யார் உத்தரவில் இங்கே வந்தது என்கிற முகத்தோடு போய்விட்டார். விரல் கணு விஷயத்தை என் வீட்டுக்காரரிடம் திங்கட்கிழமையே சொல்லியிருந்தேன். தன் கையை விரித்து வைத்துக்கொண்டு விரல் விரலாகப் பார்த்தார். மறுநாள், டாக்டர்கள் தெரியாமலா செய்கிறார்கள் என்றார். நானும் ஆமாம் போட்டேன். ராத்திரி மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறபோதெல்லாம் அந்த ஐந்தாவது துண்டு ஞாபகம் வருகிற எனக்கு, பூனையின் விரலா இவர் உயிரா என்று கேட்டால் பதில் தயாராகத்தான் இருந்தது. அந்தப் பதிலை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

புதன்கிழமை அது நடந்தது. மாஸ்டர் சோபாவின் முதுகுப் பக்கம் துணியை இழுத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார். சுத்தியல் கைதவறிப் பெட்டிமேல் விழுந்தது. என் வீட்டுக்காரர் மடியிலிருந்து மேனேஜர் எகிறிக் குதித்தார். தொடையில், லுங்கிக்கு மேலாகவே, ஒரு கீறல். ரத்தம் துணியில் பரவியது. சுத்தமான துண்டை வைத்து நான் அழுத்திக்கொண்டே இருக்க, இருபது நிமிடத்தில் நின்றது. அதுவே எனக்கு இருபது வருடம்.

என் வீட்டுக்காரர் மாஸ்டரிடம் மரியாதையாகத்தான் சொன்னார். "எனக்கு அது மேல கோபமே இல்ல மாஸ்டர். பயம்தான். வெள்ளிக்கிழமை போயிட்டு வந்துடட்டும்."

மாஸ்டர் மறுத்துப் பேசவில்லை. கீறல் எந்த இடத்தில், எந்தத் திசையில் என்று பார்க்கலாமா என்று கேட்டார். துணியைப் பார்க்கிற அதே மாதிரி குனிந்து பார்த்தார். பிறகு பீரோவுக்கு அடியில் பதுங்கியிருந்த மேனேஜரை வெளியே வரவைத்து, பின்னங்காலைக் கையில் ஏந்தி எங்களிடம் காட்டினார்.

"இது பின்னங்கால் வேலை சார். குதிக்கிறப்போ உதைச்சது. இதை நான் வெட்டல, என் தப்புதான். ஆனா வெள்ளிக்கிழமை அவங்க எடுக்கிறதும் முன்னங்கால் மட்டும்தான். இது அப்படியேதான் இருக்கும்."

போனில் அந்தப் பெண் சலுகை மாதிரி சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது. போன மாதக் கீறலும் துள்ளி ஓடியபோது விழுந்ததுதான். எந்தக் கால் என்று நாங்கள் யாருமே பார்க்கவில்லை. பார்க்காமலே பத்து விரலுக்கு நாள் குறித்துவிட்டோம். மாஸ்டர் தரையில் உட்கார்ந்து பின்னங்கால் நகங்களை ஒவ்வொன்றாக வெட்டினார். மேனேஜரும் என்ன நினைத்தாரோ, அடம் பிடிக்கவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று என்னிடம், நாளைக்கு டீச்சர் வீட்டுக்குத் தன்னோடு வர முடியுமா, பார்த்துவிட்டு அப்புறம் உங்கள் இஷ்டம் என்றார்.

வியாழக்கிழமை தோறும் அவர் டீச்சர் வீட்டுக்குப் போவது எனக்கு அன்றுதான் தெரியும். கையில் ஒரு பெரிய பை. உள்ளே பொடிப்பொடியாகக் கிழித்த செய்தித்தாள். மணலுக்குப் பதில் தட்டில் போட. வாரம் பூராவும் சாயங்காலத்தில் அவரும் அவர் மனைவியும் உட்கார்ந்து கிழிப்பார்களாம். எங்கள் வீட்டில் பேப்பர் வாங்குவது படிக்க இல்லை என்று அவர் மனைவி போனில் ஒருமுறை சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

டீச்சருக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். நேர் வகிடு, நேர்ப் பேச்சு. நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று மாஸ்டர் சொன்னதும் என்னை உட்காரவைத்துவிட்டு, சட்டென்று இடது முழங்கையை மடக்கி முன்கையைக் காட்டினார். புள்ளி புள்ளியாகத் தழும்பு. சில பழசு, இரண்டு புதுசு. கடி.

"முன்னாடியெல்லாம் கிட்ட வராதேன்னு சொல்றதுக்குக் கையைத் தூக்கிக் காட்டும்," என்றார் டீச்சர். "இப்போ காட்ட அதுகிட்ட என்ன இருக்கு? நேரா பல்லுதான்." கடித்தால் ஆழமாக இறங்குகிறது, இரண்டு தடவை சீழ் வைத்து ஊசி போட்டுக்கொண்டேன் என்றார். பூனையைக் குறை சொல்கிற தொனியே இல்லை. கணக்கில் எங்கே தப்பு விட்டோம் என்று படி படியாகச் சொல்வதுபோல இருந்தது.

நான் அந்தத் தழும்புகளை மனசுக்குள் என் வீட்டுக்காரர் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தேன். அவரைக் காப்பாற்றுகிறேன் என்று வீட்டுக்குள் எதைக் கொண்டுவர இருந்தேன். டீச்சரிடம் சொல்லிக்கொண்டு வராந்தாவுக்கு வந்து முதலில் வீட்டுக்குப் போன் செய்தேன். பார்த்ததைச் சொன்னேன். "வேண்டாம்னு சொல்லிடு," என்றார் என் வீட்டுக்காரர். "நகத்தை நான் வெட்டிக்கிறேன். நாலு காலும்." அடுத்து கிளினிக். அதே நல்ல குரல். வேறு தேதி போட்டு வைக்கட்டுமா என்று கேட்டாள். எந்தத் தேதியும் வேண்டாம் என்றேன்.

உள்ளே திரும்பியபோது டீச்சரின் பூனை விழித்திருந்தது. சாம்பல் நிறம், நல்ல சதை, கண்ணில் லேசான தூக்கம். முன்னங்கால்களைத் தரையில் முழுக்க ஊன்றாமல் பின்னுக்குச் சாய்ந்த ஒரு நடை. சோபாவின் கைக்குப் போய்ப் பின்னங்காலில் எழுந்து நின்றது. முதுகை வில்லாக வளைத்து நீட்டி, இரண்டு முன் பாதங்களையும் துணியில் வைத்துக் கீற ஆரம்பித்தது. மேலிருந்து கீழே. மேலிருந்து கீழே. என் வீட்டில் தினமும் காலையில் நான் பார்க்கிற அதே மும்முரம். ஆனால் சத்தம் இல்லை. துணியில் ஒரு நூல் அசையவில்லை. ஐந்து வருடமாக ஒரு பிசிறு இல்லாமல் இருந்தது அந்தச் சோபா. அதைவிடச் சுத்தமான சோபாவை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தினமும் இப்படித்தான் என்று மட்டும் சொன்னார்.

மாஸ்டர் காகிதப் பையைக் கீழே வைத்தார். பூனைக்குப் பக்கத்தில் போய் மண்டிபோட்டார். ஐந்து வருடத்துக்கு முன்பு தானே அளந்து, வெட்டி, இழுத்து ஆணி அடித்த அந்தத் துணியில் தன் இரண்டு கை விரல்களையும் வளைத்து ஊன்றினார். பூனையின் பாதம் கீழே இறங்குகிறபோது அவரும் சேர்ந்து கீறினார். சர்ரென்று சத்தம் வந்தது. பூனையின் காது அந்தப் பக்கம் திரும்பியது. மறுபடி பாதத்தைத் தூக்கியது. அவரும் கையைத் தூக்கி, அது இறங்கும் வரை காத்திருந்து, இன்னும் அழுத்தமாகக் கீறினார்.